பிரிவு பதினான்கும் ஓர் அம்மாவும்

மைக்செட் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் மாடிவீட்டுக்காரர். அம்மாவுக்கும் காது கேட்காது, அப்பாவுக்கும் கேட்காது, வீட்டில் மூன்று பேர் பேசவேண்டியதை இந்தக் குட்டி ஒருத்தியே பேசித் தீர்க்கிறாள் என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூடத்திலும் மைக்செட், இளையோர் மன்றத்திலும் மைக்செட். அந்த மைக்செட்தான் பதினாறு வயதில், சட்டமன்றத்தின் பின்வாசலில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நின்றுகொண்டிருந்தது.

இளையோர் மன்றம் என்பது அரசாங்கம் செய்துவைத்திருக்கும் ஓர் ஏற்பாடு. மாநிலம் முழுவதிலிருந்தும் முப்பது பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, மாதம் ஒரு சனிக்கிழமை உட்காரவைத்து, உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பிள்ளைகளில் சிலர் சட்டமன்றக் குழுவின் முன்னால் போய்ப் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். இந்த வருடம் குழுவின் மேசையில் கிடந்தது நோயாளர் உரிமை மசோதா. அதில் பதினான்காம் பிரிவைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டது நம் பெண்தான். அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் சைகைமொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கவேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை அந்த வேலைக்கு வைக்கக்கூடாது. இரண்டே வரி. அந்த இரண்டு வரி மசோதாவில் தங்குமா, தூக்கி எறியப்படுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

பதினெட்டு ஆகாத பிள்ளை உள்ளே போகவேண்டுமானால் பெற்றவர் ஒருவர் கூட வரவேண்டும் என்பது விதி. அப்பாவுக்குத் தச்சுப்பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. அம்மா சலவைக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"பேரு சொல்லுங்க" என்றார் வாசலில் இருந்த காவலர், அம்மாவைப் பார்த்து.

"அவங்களுக்குக் காது கேக்காது சார். நான் சொல்றேன்."

"பேரு! சொல்லுங்க! அம்மா!" என்று அவர் இரண்டு மடங்கு கத்தினார்.

அம்மா மகளைப் பார்த்துக் கையை அசைத்தாள். "இவர் ஏன் இவ்ளோ பெருசா வாயைத் திறக்கிறார்? சொத்தைப் பல்லைக் காட்டுறாரா?"

மைக்செட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை இருமலாக மாற்றி, பெயரைச் சொல்லி, இரண்டு அட்டைகளை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். சிரித்த வேகத்தில் கொஞ்சம் பயம் குறைந்தது. குறைந்த இடத்தில் குற்ற உணர்ச்சி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

ஏனென்றால், பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தில் இருந்தது அம்மாவுக்குத் தெரியாது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அம்மா ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றில் அசைவு தெரியவில்லை என்று மருத்துவமனைக்குப் போனாள். வழக்கம்போலப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள். ஐந்தாவது படிக்கிற பிள்ளை. டாக்டர் கருவியை வைத்துப் பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார், பிறகு நாற்காலியைத் திருப்பி, அம்மாவிடம் சொல்லவேண்டியதைப் பிள்ளையிடம் சொன்னார். குழந்தைக்கு நாடித்துடிப்பு இல்லை. இன்றைக்குப் படுக்கை காலியில்லை. நாளை மறுநாள் காலையில் வந்து சேரச் சொல்லு.

அம்மா சிரித்த முகத்தோடு மகளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து அந்தக் கை எப்படி எழும், சொல்லுங்கள். எழுந்தது, எழுந்து வேறொன்றைச் சொல்லியது. "பாப்பா தூங்குதாம், அம்மா. நாளை மறுநாள் இன்னொரு டெஸ்ட்டாம்."

மறுநாள் சாயங்காலமே அம்மாவுக்கு வலி வந்தது, மருத்துவமனைக்கு ஓடினார்கள், நர்ஸ் ஒருத்தி காகிதத்தில் எழுதிக் காட்டினாள். குழந்தை இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அதற்கு முந்தின நாளே அது இல்லை என்பதும், மகளுக்கு அது தெரியும் என்பதும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை அதை ஐந்து வருடம் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது.

போன மாதம் மன்றத்தில் ஒத்திகை நடந்தபோது, அவளுடைய பேச்சைக் கேட்டுவிட்டு ஒருங்கிணைப்பாளர் அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "நல்லாதான் இருக்கு. ஆனா போன வருஷமும் இப்படித்தான் நல்லா பேசினோம். கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. உனக்குன்னு நடந்தது எதுவும் இல்லையாம்மா?"

அப்போதுதான், யாரிடமும் சொல்லாததை அவள் அக்காவிடம் சொன்னாள். அக்கா அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதைத்தான் சொல்லணும்" என்றாள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா, இது என் கதையா அம்மாவின் கதையா என்று அவள் பதினைந்து நாள் குழம்பினாள். பிறகு ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். அம்மாவுக்குத்தான் கேட்காதே. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு என் முதுகுதான் தெரியும். பேசுவது மருந்துக்கடையில் மாத்திரை மாறிப்போன விஷயம் என்று சொல்லிவிட்டால் போயிற்று. அப்படியே சொல்லியும் விட்டாள். இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட இது சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நடைபாதையில் தோழி காத்திருந்தாள். மன்றத்தில் இவளுக்குப் பெயர் புள்ளிவிவரம். எதைக் கேட்டாலும் நூற்றுக்கு எத்தனை என்று சொல்லுவாள்.

"ரூம் மாத்திட்டாங்கடி" என்றாள் புள்ளிவிவரம். "பெரிய ரூம்ல ஏசி வேலை செய்யலையாம். மூணாவது மாடியாம்."

"ரூம் எதுவா இருந்தா என்ன?"

"என்னவா? நான் அந்த ரூமை மனசுல வச்சுத்தான் நாலு நாளா பேசிப் பாத்தேன். சரி விடு. நீ கையை மட்டும் ஆட்டாத. ஒத்திகையில ஆட்டல, அதே மாதிரி பேப்பரைப் பிடிச்சுக்க."

மூன்றாவது மாடி அறை சிறியது. நீள்சதுர மேசை ஒன்று. ஒரு பக்கம் உறுப்பினர்கள் ஏழு பேர், எதிர்ப்பக்கம் பேசுகிறவருக்கு ஒற்றை நாற்காலி. பேசுகிறவருக்குப் பின்னால் சுவர். அங்கே இன்னொரு நாற்காலிக்கு இடமில்லை. அதனால் பார்வையாளர்களை உறுப்பினர்களுக்குப் பின்னால், ஜன்னலோரமாக வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள்.

அதாவது, மைக்செட் உட்கார்ந்து நிமிர்ந்தால் நேர் எதிரே அம்மா.

அக்காவைத் தேடினாள். அக்கா ஜன்னல் பக்கம் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மேசையில் ஒரு சின்ன விளக்குப் பெட்டி. பச்சை எரிந்தால் பேசு, மஞ்சள் என்றால் முடி, சிவப்பு என்றால் நிறுத்து. குழுத் தலைவர் ஜலதோஷக்காரர். கைக்குட்டைக்குள்ளிருந்து, "ஆரம்பிம்மா" என்றார். பச்சை எரிந்தது.

இந்த இடத்தில் அந்த வீட்டின் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்லியாகவேண்டும். அம்மா இருக்கிற அறையில் யாரோடு எதைப் பேசினாலும் கையாலும் பேசவேண்டும். பால்காரரிடம் பேசினாலும், போனில் பேசினாலும், மாடிவீட்டுக்காரரோடு சண்டை போட்டாலும். என் கண்ணுக்கு முன்னால் வாயை மட்டும் அசைத்தால் என்னை அறையைவிட்டு வெளியே தள்ளிய மாதிரி என்று அம்மா சொல்லுவாள். ஒரு தரம், மூன்று வயதில், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு வாயால் மட்டும் ரகசியம் பேசியதற்காக இவளுக்கு ஒரு நாள் முழுக்க அம்மா முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அது பழக்கம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. கண் சிமிட்டுகிற மாதிரி. செய்கிறோம் என்றே தெரியாது.

ஒத்திகைகளில் அம்மா இருந்ததில்லை. அதனால் கை ஆடியதில்லை.

"மாண்புமிகு உறுப்பினர்களே" என்று தொடங்கினாள். குரல் நன்றாகவே வந்தது. தன் வயதைச் சொன்னாள், அப்பா அம்மாவைப் பற்றிச் சொன்னாள், ஏழு வயதிலிருந்து வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் தான்தான் மொழிபெயர்ப்பாளர் என்றாள். உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவளுக்குத் தெம்பு வந்தது. மருத்துவமனைக் கதைக்கு வந்தாள். டாக்டர் நாற்காலியைத் திருப்பியது. நாடித்துடிப்பு இல்லை என்றது. அம்மாவின் சிரித்த முகம். "நான் எங்க அம்மாகிட்ட, பாப்பா தூங்குதுன்னு சொன்னேன்."

எதிரே அம்மாவின் முகம் மாறியது.

எதற்கு மாறுகிறது என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புடவையில் ஏதாவது கொட்டிவிட்டதா, உடம்புக்கு முடியவில்லையா என்றுதான் தோன்றியது. பிறகு குனிந்து பார்த்தாள். காகிதம் மேசைமேல் கிடந்தது. இரண்டு கைகளும் கன்னத்துக்குப் பக்கத்தில், தூக்கம் என்ற சைகையில் நின்றுகொண்டிருந்தன.

எப்போது எழுந்தன? எதிலிருந்து சொல்லத் தொடங்கின? எல்லாவற்றையுமா சொல்லிவிட்டன? கைகளைக் கேட்க முடியுமா? அவற்றை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. மிச்சமிருந்த நான்கு வரியை என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கு இன்றுவரை நினைவில்லை. சிவப்பு எரிந்தபோது வாய் மூடியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஓரத்திலிருந்த உறுப்பினர் ஒருவர், மூக்கின் நுனியில் கண்ணாடி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரொம்ப அருமையா பேசினம்மா. கண்ணு கலங்கிடுச்சு. ஆனா ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்காத. வாயும் கையும் சேந்து இவ்ளோ அழகா பேசுற புள்ள நீ. உன்ன மாதிரி புள்ளைங்க வீட்டுக்கு வீடு இருக்கும்போது, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தனியா ஆள் போட்டாகணுமா?"

அவள் விழித்தாள். இவ்வளவு நேரம் சொன்னது அதைத்தானே? நன்றாகப் பேசியதே தப்பாகப் போயிற்றா? திக்கித் திணறிப் பேசியிருந்தால் ஆள் கொடுத்திருப்பார்களோ? பதில் தேடுவதற்குள் ஜன்னல் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

அம்மா எழுந்து நின்றிருந்தாள். உறுப்பினர்களுக்கு நடுவே கையை நீட்டி மேசையைத் தட்டினாள், வீட்டில் மகளைக் கூப்பிடத் தட்டுவதுபோல, இரண்டு தரம். உறுப்பினர்கள் ஏழு பேரும் கழுத்தைத் திருப்பினார்கள்.

"நான் பேசணும்" என்றன அம்மாவின் கைகள். "இவங்ககிட்ட சொல்லு."

"என்ன சொல்றாங்க?" என்றார் தலைவர்.

"அவங்க பேசணுமாம் சார்."

"பேசலாமே. தாராளமா. நீயே எங்களுக்குச் சொல்லிடு."

அக்கா ஜன்னலிலிருந்து பாய்ந்து வந்தாள். "சார், பதினெட்டு ஆகாத பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாதுன்னுதான் சார் நாங்க கேக்கவே வந்திருக்கோம்!"

"அது சட்டம் ஆனப்புறம்தானேம்மா? இப்போ இன்னும் ஆகலையே" என்றார் தலைவர். நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் சொன்னார், கிண்டலாக இல்லை. "வேற ஆள் இருக்காங்களா இங்க?"

வேறு ஆள் இல்லை. அந்தக் கட்டடத்திலேயே இல்லை. அம்மா தொடங்கிவிட்டாள்.

"இவ கதையில வர்ற அம்மா நான்தான்." மகள் அதைச் சொன்னாள். "இவளுக்கு முந்தின நாளே தெரியும்ங்கிறது எனக்கு இப்பத்தான் தெரியும். இந்த ரூம்ல. உங்களுக்குத் தெரிஞ்ச அதே நேரத்துல." அதையும் சொன்னாள். குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அம்மாவின் கைகள் திரும்ப எழுந்தன.

"அன்னைக்கு மறுநாள் நான் வேலைக்குப் போனேன். மெஷின்ல இருந்து ஈரப் போர்வை மூட்டையைத் தூக்கினேன். தூக்காதேன்னு கூட இருந்தவ தடுத்தா, நான் கேக்கல. சாயங்காலம் வலி வந்துச்சு. என் குழந்தையை நான்தான் கொன்னேன்னு அஞ்சு வருஷமா நினைச்சிட்டு இருக்கேன்."

மைக்செட்டின் வாய் திறந்தபடி நின்றது. இது அவளுக்குத் தெரியாது. அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரே வீட்டில், ஒரே சம்பவத்தை, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக மறைத்துவைத்துக்கொண்டு ஐந்து வருடம் சாப்பிட்டிருக்கிறார்கள், தூங்கியிருக்கிறார்கள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் தலைவர்.

அவள் மனசு சட்டென்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து கையில் கொடுத்தது. அம்மா எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க சார். அப்படிச் சொன்னால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? வீட்டு விஷயம் வீட்டோடு போகும். இத்தனை பேர் முன்னால் அம்மா தலை குனிய வேண்டாம். பதினோரு வயதிலும் இப்படித்தான், அம்மாவுக்காக என்றுதான், ஒரு வாக்கியம் தயாராக வந்தது.

அம்மா அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் படிக்க அம்மாவுக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்செட் சொன்னாள். மூட்டையைச் சொன்னாள். தடுத்தவளைச் சொன்னாள். "என் குழந்தையை நான்தான் கொன்னேன்னு அஞ்சு வருஷமா நினைச்சிட்டு இருக்கேன்" என்று, அம்மா சொன்னபடியே, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது கைகளும் கூடவே சொல்லின. அம்மா அதைப் பார்த்துத் தலையசைத்தாள், ஆமாம், அதேதான் என்று.

"இப்போ நான் இவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் அம்மா. "அந்த டாக்டரை யாராவது கேட்டீங்களா? தாய்க்குச் சொல்ல வேண்டியதை அஞ்சாவது படிக்கிற புள்ளகிட்ட ஏன் சொன்னேன்னு?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தபடியே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேசை முழுக்கக் கேட்டது. "ஆனா பாத்தீங்களா, பொண்ணு ஒரு வார்த்தை பிசகாம சொல்லுது."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே கலங்கலாகத்தான் அவள் மனதில் இருக்கிறது. செயலாளர் ஏதோ படித்தார். குறிப்பில் ஏற்றப்பட்டது என்றார். பிரிவு பதினான்கு துணைக்குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது என்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியவில்லை. தலைவர் தும்மினார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

வெளியே நடைபாதையில் புள்ளிவிவரம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏய், ஜெயிச்சிட்டோமாடி?"

"தெரியலடி."

"அக்கா, துணைக்குழுன்னா நல்லதா கெட்டதா?"

அக்கா நெற்றியைத் தேய்த்தாள். "நல்லதுதான்னு நினைக்கிறேன். வேண்டாம்னா இங்கேயே தூக்கிப் போட்டிருப்பாங்க இல்ல?"

"போன வருஷம் அனுப்பினது?"

"அதுவும் துணைக்குழுவுக்குத்தான் போச்சு."

"நூத்துக்கு எத்தனை திரும்பி வரும்?"

"கணக்கு கேக்கற நேரமாடி இது?" என்று அக்கா அவள் கையைப் பிடித்து அப்பால் இழுத்துப் போனாள். போகும்போது மைக்செட்டைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாளோ, பாராட்ட நினைத்தாளோ.

நடைபாதையின் கோடியில் ஒரு மரப் பெஞ்சு. அம்மா அதில் போய் உட்கார்ந்திருந்தாள். மைக்செட் எதிரே போய் நின்று, "அம்மா" என்று கையை எடுத்தாள். அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

காது கேட்காதவர்கள் கண்ணை மூடினால் கதவைச் சாத்திய மாதிரி. அப்புறம் நீங்கள் எவ்வளவு உரக்கப் பேசினாலும் போய்ச் சேராது. அவள் எழுப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமா? அழுகையா? என்மேலா, டாக்டர்மேலா, அந்த மூட்டைமேலா? அம்மாவின் முகத்தில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண் அவள். அன்றைக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. பியூன் ஒருவர் டீத் தம்ளர்கள் அடுக்கிய தட்டோடு உள்ளே போனார், காலித் தட்டோடு வெளியே வந்தார். அடுத்த பிள்ளையும் பேசி முடித்துவிட்டது, கைதட்டல் கேட்டது.

அம்மா கண்ணைத் திறந்தாள். மகளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு டாக்டர் சொன்னதை இப்ப சொல்லு."

"சொன்னேனேம்மா உள்ள."

"உள்ள நீ அவங்களுக்குச் சொன்ன. எனக்குச் சொல்லு. அவர் சொன்னபடி. முழுசா."

மைக்செட் கைகளைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து வருடமாக ஒரு நாளும் மறக்காததால் தேடவேண்டியிருக்கவில்லை. நாற்காலியைத் திருப்பியதிலிருந்து தொடங்கினாள். குழந்தைக்கு நாடித்துடிப்பு இல்லைம்மா. இன்னைக்குப் படுக்கை காலியில்ல. நாளை மறுநாள் காலையில வெறும் வயித்தோட வரச் சொல்லு. அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு. கைகள் நிற்கவில்லை. "அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் அவர் சொன்னார். உங்கம்மாகிட்ட சொல்லு. இது அவங்க எதுவும் செஞ்சதால வந்தது இல்ல. எடையைத் தூக்கினதாலயோ, நடந்ததாலயோ இல்ல. சில குழந்தைக்கு இப்படி ஆயிடும். அவங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லுன்னார்."

நாடித்துடிப்பு இல்லை என்பதைச் சொல்லாமல் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அன்றைக்கு இதையும் சேர்த்துத்தான் விழுங்கியிருந்தாள். ஐந்து வருடமாக அந்தப் பெரிய பொய்யைத்தான் நினைத்து நினைத்துக் குமைந்திருக்கிறாள். சொல்லாமல் விட்ட இந்தக் கடைசி வார்த்தைக்கு அம்மா காத்திருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அம்மா மன்னித்தாளா என்று தெரியவில்லை. திட்டப்போகிறாளா என்றும் தெரியவில்லை. மெதுவாகக் கையை நீட்டி, மகளின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து, நன்றாகத் தெரிகிற உயரத்துக்குத் தூக்கி வைத்தாள். பிறகு தன் கைகளை விலக்கிக்கொண்டு கேட்டாள்.

"கடைசியில சொன்னியே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லு."